எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

மாசி மாத வளர்பிறையில் நமது தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவான். நெற்றிக்கண் திறக்கும், காமன் எரிவான். பின்னர் ரதியின் அழுகைக்கு இரங்கி அவனுக்கு உயிர் மீளும். இந்தக் கதையைச் சார்ந்து தமிழகத்தில் வளர்ந்த லாவணிப் பாட்டில் இரு கட்சியினர் எதிரெதிரே அமர்ந்து வாதாடுவர். மன்மதன் எரிந்து சாம்பலானான் என்பது எரிந்த கட்சியின் வாதம். அவன் எரியவே இல்லை என்பது எரியாத கட்சியின் வாதம். விடியும்வரை பாடினாலும் இரு தரப்பும் விட்டுக்கொடுப்பதில்லை.

இந்த வாதத்தின் சமய தத்துவத்தை நான் இன்று எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்வது சற்றுக் கீழான, ஆனால் அவசரமான ஒரு கேள்வி. மேடையிலோ திரையிலோ ஒன்றை எரித்துக் காட்ட வேண்டுமானால், அதை உண்மையாகவே எரிக்கத்தான் வேண்டுமா?

அவசரம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளை எவரும் படம் பிடிக்கலாம். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இளைஞர் குழுக்கள் குறும்படம் எடுக்கின்றன. இதில் எனக்கு மகிழ்ச்சியே. சென்ற ஆண்டு மாணவர் சிலர் கதை ஒன்றை எழுதி எடுத்துவந்து என்னிடம் காட்டினர். நள்ளிரவில் லயம் தீப்பற்றுகிறது, உள்ளே ஒரு பாட்டி அகப்பட்டுக் கொள்கிறாள் என்பது கதை. நல்ல கதை, மொழியும் நன்றாக இருந்தது. தீயை எப்படிக் காட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன். "கைவிட்ட லயம் ஒன்னு இருக்கு சேர், அரைப் போத்தல் பெற்றோல் போதும்" என்றான் ஒருவன். அடுத்த லயம் எவ்வளவு தூரம் என்றேன். முப்பது அடி இருக்கும் என்றார்கள்.

லயத்தை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பராக்கள், வரிசையாகவும் முதுகோடு முதுகாகவும், ஒரே நீளமான தகரக் கூரையின்கீழ் அமைந்தவையே பழைய லயங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளி இருக்கும். அடுப்பு விறகு, பழைய மரச்சட்டம், பழைய மின்கம்பி, எல்லாம் அங்கேயே. ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. வரிசை முழுவதும் போய், பிறப்புச் சான்றிதழும் பிள்ளைகளின் புத்தகமும் நகையும் சாம்பலாகி, கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ குடும்பங்கள் தங்க நேர்ந்த செய்திகளை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! இந்த மண்ணில் தீ என்பது ஒரு காட்சியன்று.

எரிந்த கட்சியின் மிகப் பெரிய சாட்சி நமது வீதியோரத்திலேயே இருக்கிறது. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறி வரும் வீதியில், களனி கங்கைக் கரையில், கித்துல்கல. "த பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்" என்ற உலகப் புகழ்பெற்ற படத்துக்காக, டேவிட் லீன் என்ற ஆங்கிலேய நெறியாளர் அங்கே மரத்தால் உண்மையான பாலம் ஒன்றைக் கட்டுவித்தார். கட்ட மாதக்கணக்கானது. பின்னர், 1957 மார்ச் மாதத்தில், அதன்மீது உண்மையான புகையிரதம் ஒன்றை ஓடவிட்டு இரண்டையும் சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். பார்க்கப் பிரமுகர்களும் வந்திருந்தார்கள். பொம்மையில்லை, ஓவியமில்லை, கண்கட்டு வித்தையில்லை.

ஆனால் இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடுகிற பகுதிதான் எனக்கு முக்கியம். வெடி முதலில் குறிக்கப்பட்டது மார்ச் 10 ஆம் திகதிக்கு. பல கமராக்கள் பல இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கமராக்காரரும் தமது கமராவை ஓடவிட்டுவிட்டு, பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் நெறியாளர் முன்னால் ஒரு விளக்கு எரியும். அன்று புகையிரதம் பாலத்தின்மீது வந்துவிட்டது. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை. அந்த மனிதர் எங்கே நிற்கிறார் என்பது தெரியாது. வெடிக்க வேண்டாம் என்று லீன் சொல்லிவிட்டார். ஆளில்லாத புகையிரதம் பாலத்தைக் கடந்து போய், அப்பால் நின்ற மின்பிறப்பாக்கியோடு மோதியது. ஒருவருக்கும் தீங்கில்லை. விளக்கைப் போட மறந்த கமராக்காரரும் பத்திரமாகவே இருந்தார். புகையிரதத்தைத் தூக்கி மறுபடி தண்டவாளத்தில் ஏற்றி, மறுநாள்தான் பாலத்தைத் தகர்த்தார்கள். இன்று அந்தப் படத்தில் நாம் காண்பது மறுநாள் எடுத்தது. அத்தனை பணமும் அத்தனை மாத உழைப்பும் ஒரு பக்கம், எரியாத ஒரு சிறிய விளக்கு ஒரு பக்கம். மாணவர்க்கு அந்தப் படத்தைக் காட்டும் ஆசிரியர்கள் இந்த நாளின் கதையையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

அதே படப்பிடிப்பில் உயிரிழப்பும் நேர்ந்தது என்பதை மறைக்கக் கூடாது. உதவி நெறியாளர் ஜோன் கெரிசன் மோட்டார் வாகன விபத்தில் இறந்தார். வெடிமருந்துக்கு அத்தனை ஏற்பாடு செய்தவர்களிடமிருந்து ஒருவரை எடுத்துக்கொண்டது மலைப்பாதை. படம் எடுக்கப் புறப்படும் நமது பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் மூவராக ஏறுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

விளக்கு எரியாதபோதும் நிற்காதவர்களின் வரலாறு வேறு. 1989 பெப்ரவரியில் மைசூரிலே, பிரீமியர் ஸ்டூடியோவில், "திப்பு சுல்தானின் வாள்" என்ற தொலைக்காட்சித் தொடருக்கான படப்பிடிப்பில் தீப்பற்றியது. மூடிய மண்டபம், எளிதில் எரியும் பொருள்கள், உள்ளே வாணவெடிகள். அறுபது பேரளவில் மாண்டனர். கதாநாயகராக நடித்த சஞ்சய் கான் கடுமையான எரிகாயங்களோடு பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். இன்னும் பின்னே போனால், சினிமா பிறந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத 1897 மே மாதத்தில், பாரிஸ் நகரத்தில் தர்மப் பணிக்காக நடந்த ஒரு சந்தையில், படம் காட்டும் கருவியின் விளக்குக்கு ஈதர் ஊற்றும்போது தீப்பிடித்து 126 பேர் இறந்தனர். மரமும் துணியும் வர்ணமும் கொண்டு அமைத்த மண்டபம் அது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது.

இனி எரியாத கட்சிக்கு வருவோம். அதன் அரங்கு நமது காமன் பொட்டல்.

தோட்டத்துக்குத் தோட்டம் வழக்கு மாறும் என்றாலும், நான் கண்ட கூத்துகளில் ஒன்று மாறவில்லை. காமனாக நின்று ஆடியவன் வேறு, எரிவது வேறு. எரிவது கம்பமும் அதைச் சுற்றிய வைக்கோலும். ஆடியவன் அந்த நேரத்தில் கூட்டத்தின் கண்ணிலிருந்து ஒதுங்கிவிடுகிறான். தீ திறந்த வெளியில் எரிகிறது. தப்பு முழங்குகிறது. கூட்டத்தின் கண்ணோ தீயில் நிலைப்பதில்லை. அது ரதியின் பக்கம் திரும்பிவிடுகிறது. அவள் நெஞ்சில் அறைந்துகொண்டு ஒப்பாரி வைக்கும்போது, லயத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். ரதி வேடம் போட்டவன் பக்கத்து லயத்துப் பையன் என்பதை அறிந்தவர்கள்தாம் அவர்கள்.

இந்த ஆள்மாற்று வித்தைதான் சினிமாத் தந்திரங்களின் மூலபாடமும் ஆகும். 1895 இல் அமெரிக்காவில் எடிசனின் நிறுவனத்துக்காக அல்பிரட் கிளார்க் என்பவர் எடுத்த ஒரு படம், ஸ்கொட்லாந்து அரசி மேரியின் சிரச்சேதத்தைக் காட்டுவது. ஓடும் நேரம் அரை நிமிடமும் இல்லை. அரசி வந்து மண்டியிடுகிறாள், கோடரி உயர்கிறது. அங்கே கமராவை நிறுத்தி, மற்றவர்கள் சிலைபோல் அசையாதிருக்க, அரசியாக நடித்தவரை எழுப்பிவிட்டுப் பொம்மையை வைத்தார்கள். மறுபடி கமரா ஓடியது, தலை உருண்டது. மறு ஆண்டு பாரிஸிலே, மந்திரவித்தைக்காரரான ஜோர்ஜ் மெலியே தெருவைப் படம் பிடிக்கும்போது கமரா இடையில் சிக்கி நின்று மீண்டும் ஓட, திரையிலே பஸ் வண்டி பிணவண்டியாக மாறிவிட்டதாம். அவரே பிற்காலத்தில் எழுதிய கதை இது. அந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு அவர் எத்தனையோ மாயப் படங்கள் செய்தார். கறுப்புத் திரையின் முன் நின்று, ஒரே படச்சுருளில் மீண்டும் மீண்டும் பதிந்து, தமது தலையைத் தாமே கழற்றி மேசைமேல் வைத்துக் காட்டினார். இந்தியத் திரையுலகின் முன்னோடியான தாதாசாகிப் பால்கேயும் மந்திரவித்தை பயின்றவர். தம் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு "புரொபசர் கெல்பா" என்ற பெயரில் வித்தை காட்டியவர். சட்டியில் முளைத்த பட்டாணிச் செடியை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம்பிடித்து, அது கண்முன்னே வளர்வதாகக் காட்டித்தான் பணம் போடுவோரின் நம்பிக்கையைப் பெற்றார். அவரே 1917 இல் இலங்கையை எரித்தார், "லங்கா தகன்" என்ற படத்தில். அதிலே ஒருவரே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார் என்பது இன்னொரு வேடிக்கை.

நமது தலைமுறைக்கு இவர்களைவிட நெருக்கமானது 1957 இல் வந்த "மாயா பஜார்". தட்டுத் தட்டாக விருந்து மறைவதும், லட்டுகள் தாமாகப் பறந்து எஸ். வி. ரங்காராவின் வாயில் விழுவதும் கண்டு கைதட்டாத தோட்டம் உண்டா? மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்த அந்தப் படத்தின் நிலவொளி, ஸ்டூடியோவுக்குள் விளக்குகளால் ஆக்கியது. கணினி என்ற சொல்லைக்கூடக் கேட்டறியாத காலம்.

தமிழாசிரியன் என்பதால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் அரங்கின் அளவு சொல்லப்படுகிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு அமைக்க வேண்டும் என்ற குறிப்பும் வருகிறது. மூவகைத் திரைகளுள் கரந்துவரல் எழினி என்பது ஒன்று. மறைந்திருந்து தோன்றச் செய்வது. ஒளி எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று இளங்கோவடிகள் எழுதிவைத்ததைத்தான் இன்று கமராப் பாடம் என்று புதிதாகக் கற்கிறோம். தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றதும் இதற்குள் அடங்கும். அச்சம் என்பது அஞ்சத்தக்க பொருளில் மட்டும் இல்லை, அஞ்சுகின்ற உடம்பிலும் தெரிகிறது. தீயைக் காட்டாவிட்டாலும், தீயைக் காண்கின்ற முகத்தைக் காட்டினால் தீ இருக்கிறது. ரதிக்கு இது தெரியும்.

வானொலிக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் உங்களில் பலர் இலங்கை வானொலி நாடகங்களில் வளர்ந்தவர்கள். ஒலிவாங்கியின் அருகே கண்ணாடித்தாளைக் கசக்கினால் காடு எரியும். தட்டில் அரிசியை உருட்டினால் மழை. இரண்டு சிரட்டைகளைத் தட்டினால் குதிரை. ஒரு தகரத்தைத் தூக்கிப் பிடித்து அசைத்தால் இடி. தகரம் நமது மலையில் பஞ்சமில்லாத பொருள். வானொலி நாடகத்திலே எத்தனை ஊர்கள் எரிந்தன, எத்தனை கப்பல்கள் மூழ்கின! கலையகத்தில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கவில்லை.

மற்றொரு செய்தி பலருக்கும் தெரியாதது. ஆரம்பகாலச் சினிமாச் சுருள் தானே தீப்பற்றும் பொருளால் ஆனது. நைத்திரேற்றுச் சுருள் பற்றினால் தண்ணீரிலும் அணையாது. படமாளிகைகள் அதற்காகவே கருவி அறையைத் தனியாகக் கட்டின. ஆனால் 1923 இல் கொடாக் நிறுவனம் வீட்டில் படம் எடுப்போருக்கென 16 மி.மீ. சுருளைக் கொண்டுவந்தபோது, அதைத் தொடக்கத்திலிருந்தே எளிதில் தீப்பற்றாத பொருளிலேயே செய்தது. வரவேற்பறையில், பிள்ளைகள் நடுவில் ஓடப்போகும் படம் அல்லவா! தொழில்முறைப் படங்களுக்கு அந்தப் பாதுகாப்பு முழுமையாக வந்துசேர மேலும் கால் நூற்றாண்டு ஆனது. அமெச்சூர்ப் படக்காரருக்குப் பாதுகாப்பு முதலில் வந்தது. அந்த 16 மி.மீ. சுருளில்தான் இலங்கையின் முதல் தமிழ்ப்படமான "சமுதாயம்" 1962 இல் உருவானது. அடுத்து 1963 இல் வந்த படத்தின் பெயரே "தோட்டக்காரி". 1975 இல் வி. பி. கணேசனின் "புதிய காற்று" மலையகத் தொழிலாளரின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. குறைந்த பணத்தில், கிடைத்த கருவியில், தெரிந்தவரை நடிக்கவைத்துப் படம் எடுப்பது நமக்கு நேற்று வந்த பழக்கமன்று.

நமது மாணவரின் கதைக்குத் திரும்புகிறேன். பெற்றோல் போத்தல் போனது. எப்படிச் செய்யலாம் என்று சேர்ந்து யோசித்தோம். யோசித்தவர்கள் பெரும்பாலும் அவர்களே, நான் கேள்வி கேட்டவன்.

தீயின் ஒளிக்கு, சூடேறாத எல்.ஈ.டி. டோர்ச்சுகள் மூன்று. அவற்றின்மேல் ஆரஞ்சும் சிவப்புமான டொபித் தாள்கள். டோர்ச்சுக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு தேயிலைக் கிளையை ஒழுங்கின்றி ஆட்டினால், ஒளி தீயைப் போலத் துடிக்கும். ஒரே தாளத்தில் ஆட்டினால் பொய் தெரிந்துவிடும். தீக்குத் தாளம் கிடையாது என்று ஒரு பெண் பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னாள். சுவாலைக்கு, மெல்லிய பட்டுத்துணியை நீளக் கீற்றுகளாகக் கிழித்து ஒரு கம்பியில் கட்டி, கீழேயிருந்து மேசை விசிறி. தூரத்திலிருந்து, கண்ணாடிக்குப் பின்னால், இரண்டு விநாடிக்குமேல் காட்டாமல் இருந்தால் போதும். புகைக்கு நுவரெலியாவில் யாரும் செலவழிக்க வேண்டியதில்லை. பின்னேரம் நான்கு மணிக்கு மூடுபனி தானே வந்து வாசலில் நிற்கும், அதற்காகக் காத்திருந்தார்கள். உலர்பனிக்கட்டி வாங்கலாமா என்று ஒருவன் கேட்டான். மூடிய காம்பராவில் அது காபனீரொட்சைட்டை நிரப்பி மூச்சை அடைக்கும், வெறுங்கையால் தொட்டால் தோலையும் சுடும். வேண்டாம் என்று விட்டோம். தூசிப் படலத்துக்குக் கோதுமை மாவைத் தூவும் யோசனையும் வந்தது. காற்றில் பரந்த மா, சுடர் அருகே இருந்தால் வெடிமருந்துபோலப் பற்றும் என்பதை விஞ்ஞான ஆசிரியர் வந்து விளக்கினார்.

தூரத்தில் லயம் முழுவதும் எரிவதாக ஒரு காட்சி வேண்டியிருந்தது. அட்டைப் பெட்டியை வெட்டி, ஒரு முழ நீளத்தில் லயம் ஒன்று செய்தார்கள். பிஸ்கட் தகரத்தில் கூரை. அதைக் கமராவுக்கு அருகில் ஒரு கல்லின்மேல் வைத்து, பின்னால் உண்மையான மலைச்சரிவு தெரியும்படி கண்மட்டத்தைச் சரிசெய்தபோது, அட்டை லயம் மலைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே ஒரு சிவப்பு டோர்ச். அட்டையையாவது கொளுத்தலாம் சேர் என்றான் பெற்றோல் பையன். கொளுத்தினால் சின்னத் தீ சின்னதாகவே தெரியும், சுவாலையைச் சிறிதாக்க முடியாது என்று இன்னொருவன் அவனை மடக்கினான். எரியாத கட்சி வலுத்துவிட்டது!

பாட்டியின் நெற்றிக் காயத்துக்குச் சீனிப் பாகில் சிவப்பு உணவுச் சாயமும் சிறிது கொக்கோவும். கறுப்பு வெள்ளையில் எடுத்த தமது "சைக்கோ" படத்தில் ஹிச்கொக் சொக்லட் பாகையே இரத்தமாக ஓடவிட்டார் என்று சொன்னபோது பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. சுவர் வர்ணம், மை, குங்குமக் கரைசல் எதுவும் கண்ணருகே கூடாது என்று மட்டும் கட்டுப்பாடு போட்டோம். கதையில் துப்பாக்கி இல்லை. இருந்திருந்தால் அந்தப் பொம்மைத் துப்பாக்கியை வீதிக்குக் கொண்டுபோகவும் விட்டிருக்க மாட்டேன். இந்த நாட்டில் எதைப் பார்த்து யார் என்ன நினைப்பார் என்று சொல்ல முடியாது. படப்பிடிப்புக்கு முன்னால் லயத்து வீடுகள் அனைத்துக்கும் போய், இன்ன நாளில் இன்ன நேரத்தில் கூச்சல் கேட்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவந்தார்கள். இரண்டு வாளி தண்ணீரும் ஒரு நனைத்த சாக்கும், தீயே இல்லாத படப்பிடிப்பிலும், பக்கத்தில் இருந்தன.

பாட்டியாக நடித்தவர் ஒரு மாணவனின் சொந்த அம்மாயி. கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். "நெருப்பப் பாத்து அழுவுங்க அம்மாயி" என்றதும், டோர்ச்சின் பக்கம் திரும்பி அவர் அழுத அழுகையைக் கண்டு, விளக்குப் பிடித்த பிள்ளைக்கே கை நடுங்கிவிட்டது. அவர் எந்தத் தீயை நினைத்தாரோ, யாரும் கேட்கவில்லை.

படத்தைக் கோயில் மண்டபத்துச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்புக் கட்டிக் காட்டினார்கள். பன்னிரண்டு நிமிடம். முடிந்ததும் கைதட்டல் உடனே வரவில்லை, சிறிது நேரம் கழித்தே வந்தது. முன்வரிசையில் காமன் கூத்துப் பழக்கும் வாத்தியார் ஒருவர் தோளில் துண்டோடு இருந்தார். நடித்தவர்களைப் பற்றியோ கதையைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"வெளக்க யாரு புடிச்சது?" என்றார்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பின்னால் நின்று கையை உயர்த்தினாள்.